கார்பன் காசுல ஊர்க்காட்ட மீட்கணும்னா எங்கருந்து ஆரம்பிக்கணும்?

காடு பிடிச்சு வைக்குற கார்பன் டை ஆக்சைடுக்கு டன்னுக்கு ஒண்ணுனு விக்குற சான்றுதான் கார்பன் கிரெடிட். அந்தப் பேரு காதுல விழுந்ததுமே நாத்து எங்க கிடைக்கும்னுதான் எல்லாரும் கேக்குறாங்க, அத கடைசில வச்சுக்கலாம். முதல் கேள்வி நிலம் யாருது, ரெண்டாவது கேள்வி காட்ட பூட்டிட்டா ஊருக்கு விறகு எங்கருந்து வரும்.

கென்யாவோட தெற்குக் கடலோரம், காஸி விரிகுடால 2013லருந்து நடக்குற மிகோகோ பமோஜாங்கற ஊர்க் கார்பன் திட்டம் இதுக்கு நல்ல பாடம். 117 ஹெக்டேர் அலையாத்திக் காடு, காஸி, மகோங்கேனினு ரெண்டு ஊரு. காடு அரசாங்கத்தோடது, அதனால முதல்ல ஊர்க்குழு பதிவு பண்ணி வனத்துறையோட கூட்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டாங்க, அதுக்கப்புறம்தான் கிரெடிட் பேச்சு. நீங்களும் கார்பன் வருமானம் ஊருக்குத்தான்னு எழுத்துல வாங்கிடுங்க, வாய்ப்பேச்ச நம்பி இறங்காதீங்க. ஊர்க்கூட்டத்துல காட்ட நம்பி வாழுற பொம்பளைங்களும் மீனவங்களும் கட்டாயம் இருக்கணும், ஏன்னா நாளைக்கு வெட்டாதேன்னு நாம சொல்லப்போறது அவங்ககிட்டதான்.

விறகு விஷயம். இங்க வெட்டுறத நிறுத்தினா பக்கத்து காட்டுல போய் வெட்டுவாங்க, கணக்குல அது கசிவு, கிரெடிட்ட குறைச்சிடும். காஸில இதுக்காகவே சவுக்கு நட்டாங்க, வீடு கட்டுற கம்புக்கும் அடுப்புக்கும் அது ஆச்சு.

அடுத்து அளவு. இந்தக் காசு வரலன்னா காடு என்ன ஆகியிருக்கும்னு நிரூபிக்கணும், அந்த வித்தியாசத்துக்குத்தான் பணம், ஏற்கனவே பத்திரமா நிக்குற மரத்துக்கு கிடையாது. சதுரமா பிளாட் குறிச்சு ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சுயரத்துல, அதாவது 1.3 மீட்டர்ல டேப் போட்டு சுத்தளவு எடுக்கணும். சுரபுன்னைங்கற அலையாத்தி மரத்துல மட்டும் அப்படி செய்ய முடியாது, முட்டுவேரு ஆளுயரத்துக்கே கிளம்பி நிக்கும், அதனால எல்லாத்துக்கும் உசரத்துல இருக்குற முட்டுவேருக்கு 30 சென்டிமீட்டர் மேல டேப்ப சுத்தணும், முழங்கால் வரைக்கும் சேறு, ஒருத்தர் டேப்ப பிடிக்க இன்னொருத்தர் நோட்டுல எழுதணும். ஊர்ப் பசங்களுக்கே இத சொல்லிக்கொடுங்க, வெளியாள் வந்து அளந்துட்டு போனா ஊருக்கு அந்தக் கணக்கு மேல நம்பிக்கையே வராது. காய்ஞ்ச எடைல கிட்டத்தட்ட பாதி, அதாவது சுமார் 47 சதவீதம் கார்பன், அத 3.67ஆல பெருக்கினா கார்பன் டை ஆக்சைடு. ஒரு டன் கிரெடிட்டுக்கு ஏறக்குறைய 580 கிலோ காய்ஞ்ச மரம் வேணும்.

இதயெல்லாம் திட்ட அறிக்கையா எழுதி பிளான் விவோ மாதிரி ஒரு தரநிலைல பதிவு பண்ணணும், வெளி ஆடிட்டர் வந்து சரிபார்ப்பார். புயலு, தீனு ஆபத்துக்காக கொஞ்சம் கிரெடிட்ட விக்காம ஒதுக்கி வைப்பாங்க, அத வருமானத்துல சேக்காதீங்க. பிளான் விவோ விதிப்படி வித்த காசுல குறைஞ்சது 60 சதவீதம் ஊருக்குப் போகணும், இடைத்தரகர் யாராவது இதவிடக் கம்மியா பேசினா எழுந்து வந்துடுங்க. காஸில வருஷத்துக்கு சுமார் 3,000 டன்னுக்கு கிரெடிட், அந்தக் காசுல தண்ணிக் குழாயும் பள்ளிக்கூடப் புத்தகமும் வந்துச்சு. பெரிய பணம் இல்லதான், ஆனா எதுக்கு செலவழிக்கணும்னு ஊரே முடிவு பண்ணுது, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

இப்ப நடவு. அந்த 117 ஹெக்டேர்ல 107 இயற்கையா நின்ன காடு, 10தான் நட்டது, அதுக்கு மேல வருஷத்துக்கு 4,000 நாத்து. பழைய மரம் ஏன் செத்துச்சுன்னு முதல்ல பாருங்க, தண்ணி ஓட்டம் அடைபட்டிருந்தா வாய்க்கால திறந்து விடுங்க, நம்ம பிச்சாவரத்துல அப்படித்தான் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி காட்ட மீட்டாங்க. அலை நேரா அடிக்குற முகப்புல நடாதீங்க. சுரபுன்னைக் காய ஒரு முருங்கைக்காய் மாதிரி கைல பிடிச்சு, மொட்டுப் பக்கம் மேல இருக்க, தள்ளினா சாயாத ஆழத்துக்கு சேத்துல குத்துங்க, அடுத்த ஓதத்துக்கு அப்புறம் போய் எத்தன நிக்குதுன்னு எண்ணுங்க.