அஜைல் டீம்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கையில் 14 கார்டு, எடைச்சீட்டு மட்டும் இல்லை

போன மாதம் ஓசூரில், அஜைல் முறையில் (மென்பொருள் வேலையைச் சின்னத் துண்டுகளாக்கி, அடிக்கடி முடித்துக் காட்டும் முறை) வேலை செய்யும் ஒரு புதிய டீமைப் பார்க்கப் போயிருந்தேன். ஆறு பேர். காலேஜ் முடித்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள். சுவரில் பெரிய போர்டு, ஒரு வேலைக்கு ஒன்றாக மஞ்சள் கார்டுகள், காலையில் நின்றபடியே பேசி முடிக்கும் ஸ்டாண்டப் கூட்டம், எல்லாம் ஒழுங்காக இருந்தது. 'நடக்கிறது' என்ற கட்டத்தில் மட்டும் 17 கார்டு. "எல்லார் கையிலயும் வேலை இருக்குண்ணா, யாரும் சும்மா இல்ல" என்றார் லீடாக இருக்கும் தம்பி, முகமெல்லாம் பெருமை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே வார்த்தையை இதே பெருமையோடு நானும் கிருஷ்ணகிரியில் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டாண்டப்பை 15 நிமிடத்துக்குள் முடியுங்கள், கார்டில் பெயர் எழுதுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. இரண்டு ஸ்பிரின்ட் (குறுகிய வேலைச் சுற்று) போனால் அது தானாகவே கைக்கு வந்துவிடும். தானாக வராதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குவது

சில வருடங்களுக்கு முன்பு கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டோம். லாரியும் டிராக்டரும் பழத்தோடு உள்ளே வரும்போது ஒரு எடை, இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை, இரண்டையும் கழித்து எடைச்சீட்டு. ரகத்துக்கு ஒரு விலை, கழிவுக்குப் பிடித்தம், விவசாயிக்குப் பணம் போன குறுஞ்செய்தி, பழுக்க வைக்கும் அறையில் எத்தனை பழப்பெட்டி என்ற கணக்கு என்று பட்டியல் நீண்டது. ஏப்ரல் முதல் வாரம் வேலை தொடங்கியது. மே நடுவில் பெங்களூரா ரக மாம்பழ வரத்து ஆரம்பித்துவிடும். நாங்கள் ஐந்து பேர், அதில் டெஸ்டிங் பார்க்க ஒரே ஒரு தங்கை.

முதல் நாளே 14 கார்டைத் தொடங்கினோம். ஆளுக்கு இரண்டு மூன்று. ஒன்று சிக்கினால் அடுத்ததுக்குத் தாவலாம் என்பது யோசனை. ஒன்று முடிய முடிய இன்னொன்றை எடுத்து வைத்தோம். தினமும் ஸ்டாண்டப்பில் "எண்பது சதவீதம் முடிஞ்சது" என்று எல்லோரும் சொன்னோம், பொய் இல்லாமல்தான் சொன்னோம்.

மே நடுவில் முதல் லாரி வந்தபோது முடிந்திருந்தவை ஆறு கார்டு. லாகின் பக்கம், இரண்டு ரிப்போர்ட், இப்படிச் சின்னச் சின்னவை. எடைச்சீட்டு டெஸ்டிங் கட்டத்தில் எட்டாவதாக வரிசையில் நின்றது. எடைமேடையில் இருந்தவர் மேசையிலிருந்து கார்பன் தாளை எடுத்து, பழையபடி கையாலேயே சீட்டு எழுதத் தொடங்கினார். எங்கள் எடைச்சீட்டு சரியாக அச்சானது ஜூலை நடுவில். அதற்குள் வரத்து வடிந்து, வாசலில் நாளுக்கு நாலைந்து டிராக்டர்தான். "அடுத்த சீசன் பாத்துக்கலாம்பா" என்றார் முதலாளி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இன்றைக்கும் அந்த மே மாதத்தை நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் ஒருவர்கூடச் சோம்பேறியாக இருக்கவில்லை.

கணக்கு எளிது. 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிறுவிய விதி: கையில் இருக்கும் வேலையின் சராசரி எண்ணிக்கையை, முடிக்கும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக ஆகும் காலம் வரும். வாரத்துக்கு ஒரு கார்டு முடித்துக்கொண்டிருந்தோம். கையில் 14 என்றால் 14 வாரம். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து எண்ணிப் பாருங்கள், ஜூலை நடுப்பகுதி வருகிறதா? கையில் நாலே கார்டு இருந்திருந்தால், அதே ஆட்கள் அதே வேகத்தில் நாலு வாரத்தில் எடைச்சீட்டை முடித்திருப்பார்கள். மே முதல் வாரத்திலேயே எடைமேடையில் ஓடியிருக்கும்.

இதில் என்னை அதிகம் வாட்டுவது என்ன தெரியுமா? அதே தொழிற்சாலை வாசலில் அந்தப் பாடம் தினமும் நடந்துகொண்டிருந்தது. வரும் வண்டியை எல்லாம் உள்ளே விடமாட்டார்கள். பழுக்க வைக்கும் அறையில் இடம் காலியான பிறகுதான் அடுத்த டோக்கன். ஏன் சார் என்று ஒரு நாள் கேட்டேன். "உள்ள விட்டா யாரு அரைக்கிறது தம்பி? அழுகிப்போகும்" என்றார் வாசலில் இருந்த பெரியவர். 1950-களில் ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனத்தில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் வளர்த்தெடுத்த கான்பான் முறையின் சாரமும் அதுதான். அடுத்த இடத்துக்குத் தேவை வந்தால்தான் அட்டை நகரும், அட்டை இல்லாமல் வேலை தொடங்காது. முடிக்காமல் விட்ட புரோகிராமும் அழுகும். ஆறு வாரம் கழித்து ரிவ்யூவுக்கு, அதாவது எழுதியதைச் சரிபார்க்க, உட்கார்ந்தபோது, எழுதியவருக்கே தான் எழுதியது மறந்திருந்தது.

ஆகவே ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும், ஒரு நேரத்தில் இத்தனை கார்டுதான் என்று ஒரு எண் எழுதுங்கள். ஐந்து பேர் டீமுக்கு 'நடக்கிறது' 3, 'டெஸ்டிங்' 2 என்று வைத்துத் தொடங்கலாம். எண் நிறைந்துவிட்டால் புதிய கார்டை எடுக்கக் கூடாது. போர்டை வலமிருந்து இடமாகப் படியுங்கள், முடியும் நிலையில் இருப்பதைப் பற்றி முதலில் பேசுங்கள். கை காலியாக இருப்பவர் டெஸ்டிங்கில் உட்காரட்டும், சக ஆள் எழுதிய புரோகிராமைப் பார்க்கட்டும். அப்படி உட்காரும்போது "இவன் ஏன் சும்மா இருக்கான்?" என்று மேலே இருப்பவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு லீட் முன்னால் போய் நின்று பதில் சொல்ல வேண்டும். அங்கே வளைந்து கொடுத்தால் எழுதிய எண்ணுக்கு அர்த்தமில்லை.

'காத்திருக்கிறது' என்று தனிக் கட்டம் போடுவது

எண் எழுதிய மறுவாரமே யாராவது இதைக் கண்டுபிடிப்பார்கள். பதில் வராத கார்டையெல்லாம் அங்கே தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். ஓசூர் டீமிலும் அப்படி ஐந்து கார்டு ஒதுங்கியிருந்தது. சிக்கிய கார்டு அதே கட்டத்திலேயே சிவப்புக் குறியோடு நிற்கட்டும், எண்ணிக்கையிலும் சேரட்டும். இடத்தை அடைத்துக்கொண்டு நின்றால்தான் யாராவது போனை எடுத்துப் பேசுவார்கள்.

வெலாசிட்டியை வைத்து இரண்டு டீமை ஒப்பிடுவது

வேண்டாம். வெலாசிட்டி என்பது ஒரு ஸ்பிரின்ட்டில் டீம் முடிக்கும் பாயின்ட்; பாயின்ட் என்பது வேலை எவ்வளவு பெரிது என்று அந்த டீமே போடும் மதிப்பு. ஒரு டீமின் 5 பாயின்ட்டும் இன்னொரு டீமின் 5 பாயின்ட்டும் ஒன்றல்ல.

ரெட்ரோவில் பத்து தீர்மானம் போடுவது

ரெட்ரோ என்பது ஸ்பிரின்ட் முடிவில் எது சரி, எது தவறு என்று டீம் பேசும் கூட்டம். அங்கே ஒரு தீர்மானம் போதும். அதையும் கார்டாக எழுதி ஒட்டுங்கள்.

டெமோவை முதலாளிக்கு மட்டும் காட்டுவது

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி உருவாக்கிய அஜைல் அறிக்கையோடு 12 கொள்கைகளும் உண்டு. ஓடுகிற மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மையான அளவுகோல் என்பது அதில் ஒன்று. யார் கையில் ஓடுகிறது என்று பார்க்காமல் விட்டோம். குளிரூட்டிய அறையில், புரொஜெக்டரில், முதலாளிக்கு மூன்று முறை டெமோ காட்டினோம். மூன்று முறையும் தலையாட்டினார்.

அடுத்த சீசனுக்கு முன்னால் எடைச்சீட்டை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு எடைமேடை அறைக்கே போனோம். ஜன்னல் பக்கம் ஒரு மேசை, விசைப்பலகை மேல் புழுதி, பக்கத்தில் முந்தின வருடத்துக் கார்பன் தாள் கட்டு. அங்கே இருந்தவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டு சீட்டு போட்டுப் பார்த்தார். மூன்றாவதில் நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"டிராக்டருக்கு ஒரு நம்பர், பின்னாடி டிரெய்லருக்கு ஒரு நம்பர். டிரெய்லரை இங்க விட்டுட்டு இஞ்சின் மட்டும் போயிடும், வேற இஞ்சின் வந்து இழுத்துட்டுப் போகும். நான் எந்த நம்பரைப் போடறது?"

நாலு மாதம் வேலை செய்தும் அந்தக் கேள்வி எங்கள் காதில் விழுந்ததில்லை. அன்று மாலையே அதை ஒரு கார்டாக எழுதினோம்.