பேய்க்கதை வழியே ஜப்பானியம்: தலைமாட்டிலிருந்து தொடங்குங்கள்

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஆயா சொன்ன பேய்க்கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஐம்பது வயதுக்கு மேல் ஜப்பானியம் படிக்கத் தொடங்கியபோது, ‘இது பேனா, அது மேசை’ என்ற பாடங்கள் ஆறு மாதமாகியும் ஒட்டவில்லை. ஒட்டவைத்தது ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி 1908இல் எழுதிய ‘யுமெ ஜூயா’, அதாவது பத்து இரவுக் கனவுகள்.

ஹிரகானா, கதகானா என்ற ஒலியெழுத்து வரிசைகள் (பொதுவில் கானா) இரண்டிலும் தலா 46 அடிப்படை எழுத்துகள். அவற்றையும் வேற்றுமை உருபுகளையும் பழகியதும் இந்நூலுக்கு வந்துவிடுங்கள். உவேதா அகினாரியின் 1776ஆம் ஆண்டுப் பேய்க்கதைகள் பழைய நடையில் இருப்பவை, அவை பிறகு. லஃப்காதியோ ஹெர்னின் ‘க்வைதான்’ என்ற பேய்க்கதைத் தொகுப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஜப்பானியத்தில் கிடைப்பது மொழிபெயர்ப்பு.

அவோசோரா புன்கோ என்ற இணைய நூலகத்தில் சோசெகி இலவசமாகக் கிடைக்கிறார். புது எழுத்து, புதுக் கானா, அதாவது இன்றைய எழுத்துமுறை உள்ள பதிப்பையே எடுங்கள். கடினமான கான்ஜிகளுக்கு (சீனத்திலிருந்து வந்த எழுத்துகளுக்கு) மேல் உச்சரிப்பைச் சிற்றெழுத்தில் போட்டிருப்பார்கள்.

முதல் வரி: ‘கொன்ன யுமெ ஒ மிதா’. இப்படியொரு கனவைக் கண்டேன். ஜப்பானியர்களும் நம்மைப்போல் கனவைக் காணத்தான் செய்கிறார்கள்! அடுத்த வரியைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் தமிழில் எழுதிப் பாருங்கள்: கைகட்டி, தலைமாட்டில் உட்கார்ந்திருக்க, மல்லாந்து படுத்த பெண், அமைதியான குரலில், இனிச் சாகிறேன் என்று சொல்கிறாள். ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. ‘மகுராமொதொ’ என்பதற்குத் தலைமாடு என்ற சொல் நம்மிடம் அப்படியே இருக்கிறது. ‘நெதா ஒன்னா’ படுத்த பெண், நம் பெயரெச்சம்தான். ‘சுவத்தெ இரு’ என்றால் உட்கார்ந்திருப்பது. ‘தொ’ என்பது ‘என்று’. ‘தெ’யில் முடியும் வினையை வினையெச்சமாக எண்ணிப் படித்தால் பாதி இலக்கணம் வந்துவிடும். (இதை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு அப்படி வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. படிப்பதற்கு இந்த ஒற்றுமையே போதும்.)

நாளுக்கு ஐந்து வரி போதும். முதலில் சத்தமாகப் படியுங்கள், பிறகுதான் அகராதி. மறுநாள் உச்சரிப்பை மறைத்துவிட்டு அதே ஐந்து வரி. நான் ஐயாவின் பேரேட்டைப் போல ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்: தெரியாத சொல் பற்றில் ஏறும், இன்னொரு பக்கத்தில் அதே சொல்லை நானாக அடையாளம் கண்டால் வரவில் ஏறும். பற்றில் பத்துக்கு மேல் நிலுவை நின்றால் அன்று புது வரி இல்லை. ‘சொல்’ என்னும் வினைக்கு சோசெகி எழுதும் கான்ஜி இன்றைய நூல்களில் வருவதல்ல. அதை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் இரவு முடிந்ததும் மூன்றாம் இரவுக்குப் போங்கள். ஒருவன் ஆறு வயதுப் பிள்ளையை முதுகில் சுமந்து இருட்டில் நடக்கிறான். பிள்ளைக்குக் கண் தெரியாது. ஆனாலும் வயலுக்கு வந்துவிட்டோம் என்கிறது. எப்படித் தெரியும் என்று தகப்பன் கேட்கிறான். கொக்கு கத்துகிறதே என்று பதில் வருகிறது. கண்மாய்க் கரையில் கொக்கு கத்திக் கேட்டவர்களுக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். அந்த வரியை அகராதி இல்லாமல் படித்த இரவு, ‘ஸகி’ என்ற சொல்லை எழுந்துபோய் வரவில் எழுதிவிட்டு வந்துதான் படுத்தேன்.