வயரிங் பயிற்சிக்கு வந்தவர்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கு வீட்டு வயரிங் கற்றுத்தரப் பல தெருக்களில் இளைஞர் மன்றங்கள் முன்வருகின்றன. நல்ல காரியம். ஆனால் முதல் நாளே கெடுத்துவிடுகிறார்கள்: கரும்பலகை, ஓம் விதி, நடுவில் “ஒழுங்காகப் படித்திருந்தால்...” என்று ஒரு விருந்தினர் உரை. எது பிடிக்காமல் பள்ளியை விட்டார்களோ அதையே திரும்பக் கொடுத்தால் யார் வருவார்கள்?

முதல் நாளே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுங்கள். சீரியல் போர்டு செய்யட்டும்: கரண்ட் ஒரு பல்பு வழியாகவே சாக்கெட்டுக்குப் போகும்படி இணைத்த, பழுது கண்டுபிடிக்கும் பலகை. ஒரு பலகை, ஸ்விட்ச், ஹோல்டர், சாக்கெட், கொஞ்சம் வயர், 100 வாட் குண்டு பல்பு போதும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. கரண்ட் கொடுப்பதற்கு முன் ஆசிரியர் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். பயிற்சி லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம். அப்புறம் யார் வீட்டிலாவது கிடக்கும் பழைய டேபிள் ஃபேனைச் செருகச் சொல்லுங்கள். ஃபேன் நன்றாக இருந்தால் பல்பு மங்கலாக எரியும். வயர் அறுந்திருந்தால் எரியாது. ஷார்ட் என்றால் பளிச்சென்று எரியும், ஆனால் ஃபியூஸ் போகாது. “ஏன் போகலை?” என்று அவர்களே கேட்பார்கள். ஓம் விதியைச் சொல்ல அதுதான் நேரம். போர்டை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.

ஆசிரியராக அந்தப் பகுதி எலக்ட்ரீஷியனையே அழையுங்கள். சேவை என்று சொல்லி இலவசமாகக் கேட்காதீர்கள். அவருக்கு அன்றைய கூலி போகிறது. வகுப்பு நேரத்தையும் பிள்ளைகளின் வேலையைப் பார்த்து வையுங்கள். இரவு கேட்டரிங் வேலைக்குப் போகிறவனைக் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டுவிட்டு, வரவில்லை என்று பெயரை அடிப்பது நியாயமே இல்லை. இரண்டு வகுப்பு வராதவனை வீட்டுக்கே போய்க் கூப்பிடுங்கள்.

மன்றம் அச்சடித்த சான்றிதழைக் காட்டினால் வேலை கிடைக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுத 21 வயதும் வயரிங்கில் 5 ஆண்டு அனுபவமும் கேட்கிறார்கள். படிக்க மனமிருந்தால் ஐ.டி.ஐ. இருக்கிறது, அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. 18 வயது முடிந்தவர்களை அதே எலக்ட்ரீஷியனிடம் உதவியாளாகச் சேர்த்துவிடுங்கள், தினக்கூலி எவ்வளவு என்பதை முன்பே பேசிவைத்து.