டெல்டா மண்ணில் அணுகுண்டுச் சோதனைகளின் தடத்தைக் கண்டறிவது எப்படி?

வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் உலகெங்கும் பரப்பிய சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள், மழையோடு இறங்கிக் காவிரி டெல்டாவின் மண்ணிலும் படிந்தது. இந்தப் படிவு 1963-ஆம் ஆண்டையொட்டி உச்சத்தைத் தொட்டது. சீசியம்-137-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 30 ஆண்டுகள் என்பதால், அன்று விழுந்ததில் கால் பங்கு அளவே இன்று எஞ்சியிருக்கும். கையில் பிடிக்கும் கதிர்வீச்சுமானி இதைக் காட்டாது; மண்ணில் இயற்கையாகவே உள்ள பொட்டாசியம், தோரியம் ஆகியவற்றின் கதிர்வீச்சில் இது மறைந்துவிடும்.

இடத்தேர்வே இந்த வேலையின் பாதி. குறுவைக்கும் சம்பாவுக்கும் ஆண்டாண்டாக உழுது சேறாக்கிய வயலில், சீசியம் உழவு ஆழம் முழுவதும் கலந்துபோயிருக்கும். ஆகவே உழவு படாத கோயில் திடல், பழைய மேய்ச்சல் மேடு போன்ற சமதள நிலத்தைத் தேடுங்கள். ஆனால் அங்கே எப்போதாவது வண்டி வண்டியாக மண் கொட்டி மேடாக்கினார்களா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்காமல் தோண்டாதீர்கள். முத்துப்பேட்டைக் காயலில் வண்டல் அடுக்கடுக்காகப் படிவதால் அது இன்னும் நல்ல இடம். அங்கே வனத்துறையின் அனுமதி பெற்று, சேற்றைக் கலக்கிவிடும் நண்டு வளைகள் குறைவான பகுதியில், அடுக்குக் கலையாமல் மண்ணை எடுக்கும் குழாயை இறக்க வேண்டும்.

குழாயில் எடுத்த மண்ணை 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து, ஆழத்தைக் குறித்துத் தனித்தனிப் பையில் இடுங்கள். 105 பாகை செல்சியசில் உலர்த்தி, எடை பார்த்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்த பின், ஈயக் கவசத்துக்குள் உள்ள உயர்தூய்மை ஜெர்மானியம் காமா அளவியில் ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் காமா கதிர்களை எண்ண விட வேண்டும். தேட வேண்டிய கோடு, அதாவது சீசியம்-137-ஐக் காட்டிக்கொடுக்கும் காமா கதிரின் ஆற்றல், 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட். சோடியம் அயோடைடு அளவியை நம்ப வேண்டாம். மண்ணில் இயற்கையாகவே உள்ள பிஸ்மத்-214-இன் கோடு அருகில் 609-இல் வருவதால், அந்த அளவியில் அது சீசியத்தின் கோட்டோடு கலந்துவிடும்.

திடல் மண்ணில் மேலடுக்குகளில் அளவு கூடுதலாக இருந்து கீழே போகப் போகக் குறைய வேண்டும். காயல் வண்டலில் நடுவே ஓர் உச்சம் தெரிந்தால், அதுவே 1963-இன் அடுக்கு. அது 24 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 60 ஆண்டுகளுக்கு அங்கே ஆண்டுக்குச் சுமார் 4 மி.மீ. வண்டல் படிந்திருக்கிறது என்று பொருள்; பக்கத்தில் எடுத்த இரண்டாம் குழாயும் அதையே சொன்ன பிறகுதான் அந்த எண்ணை எழுதுங்கள்.