தனிப் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

படிப்பில் பின்தங்கும் மாணவருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போது, நடப்புப் பாடத்தை முதல் நாளே எடுக்காதீர்கள். ஓட்டை பெரும்பாலும் இரண்டு மூன்று வகுப்புகளுக்கு முன்பே விழுந்திருக்கும்.

எட்டாம் வகுப்பு மாணவர் சமன்பாட்டில் திணறினால் 1/2 + 1/3 போடச் சொல்லிப் பாருங்கள். 2/5 என்று எழுதினால், தொகுதியையும் பகுதியையும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறார். உடனே திருத்த வேண்டாம். "எப்படிப்பா போட்டே?" என்று கேளுங்கள். பிறகு ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளில் 1/2-ஐயும் 2/5-ஐயும் வரையச் சொல்லுங்கள். கூட்டிய பிறகும் விடை 1/2-ஐவிடச் சின்னதாக இருப்பது அவர் கண்ணிலேயே படும். பகுதியைச் சமமாக்கும் முறையை அதற்குப் பிறகு சொல்லுங்கள், அப்போதுதான் ஒட்டும்.

பேனா மாணவர் கையிலேயே இருக்கட்டும். நாம் போட்டுக் காட்டினால் தலையாட்டுவார், தனியாகப் போடும்போது நின்றுவிடுவார். கேள்வி கேட்டபின் ஐந்து விநாடியாவது வாயைத் திறக்காதீர்கள். சொல்லிக்கொடுப்பவருக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

ஓர் அமர்வுக்கு 40 நிமிடம் போதும். முதல் 5 நிமிடம், போன முறை படித்ததைப் புத்தகம் பார்க்காமல் எழுதட்டும். அதே கணக்கை மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் எண்களை மாற்றிக் கொடுங்கள். வீட்டுப்பாடம் முடித்துத்தரும் நேரமாக மட்டும் இது மாறக்கூடாது.

வாய்மொழியாகச் சரியாகச் சொல்பவர் வாசிக்கும்போது மட்டும் தொடர்ந்து தடுமாறினால், முதலில் கண் பரிசோதனை. அதில் குறையில்லை என்றால் கற்றல் குறைபாட்டு நிபுணரிடம் காட்டுங்கள்.