யூவி விளக்கில் பிரின்டர் மையைக் காய வைப்பது எப்படி

மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலையில் பிரின்டிங் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே கவலைதான். ஸ்டிக்கர் காயாது, போட்டோத் தாள் விரலில் ஒட்டும், அடுக்கி வைத்தால் ஒன்றின் மை மற்றதன் முதுகில் ஏறிவிடும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் வந்து கேட்பார்: நகப்பூச்சு காய வைக்கிற சின்ன யூவி (புற ஊதா) லைற் இருக்கிறதே, அதற்குக் கீழே பிரின்ட் எடுத்ததை வைத்தால் காயுமா? காயாது. ஏன் காயாது என்பது விளங்கினால் யூவி வேலையில் பாதி விளங்கின மாதிரி, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் ஊற்றுகிற மை பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் தாளுக்குள் இறங்கியும் காற்றோடு போயும்தான் அது காய்கிறது. இங்கே யூவி ஒளிக்கு ஒரு வேலையும் இல்லை, வேண்டுமானால் சாய மையின் நிறத்தை வெளிற வைக்கும், அவ்வளவுதான். ஈரலிப்பான நாட்களில் இந்த மைக்கு வேண்டியது காற்றோட்டம், ஏசி, அல்லது மெல்லிய சூடு. பேனர் அடிக்கிற ஈக்கோ சொல்வென்ட் மைக்கும் அதே கதைதான், சூடும் காற்றும்தான் மருந்து, லாமினேட் போட முதல் ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

யூவி மை முற்றிலும் வேறு சாமான். அதில் ஆவியாகிப் போக அநேகமாக ஒன்றுமே இல்லை. மொனமர், ஒலிகோமர் என்கிற பிசின் போன்ற திரவங்கள், நிறமி, அதோடு போட்டோ இனிஷியேட்டர் என்ற பொருள் கொஞ்சம். யூவி ஒளி பட்டவுடன் இந்த இனிஷியேட்டர் உடைந்து, மொனமர்களை ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோர்க்கத் தொடங்கும், ஒரு செக்கனுக்குள் திரவம் பிளாஸ்டிக் ஆகிவிடும். காய்கிறது என்று நாம் பழக்கத்தில் சொல்கிறோம், நடப்பது இறுகுவது. அதனால்தான் கண்ணாடி, அக்ரிலிக், தகரம் மாதிரி எதையும் உறிஞ்சாத பரப்பிலும் அடிக்க முடிகிறது, வெளியே மழை கொட்டினாலும் வேலை நிற்காது.

எந்த மெஷினிலும் இந்த மையை ஊற்றலாம் என்று நினைக்காதீர்கள். சூடாக்கிக் குமிழி எழுப்பி மையைத் தள்ளுகிற ஹெட் கனொன், எச்பி வீட்டு பிரின்டர்களில் வருகிறது, அதற்கு மையில் தண்ணீர் இருக்க வேண்டும். யூவி மைக்கு, சூடாக்காமல் மின்சாரத்தில் நெளிகிற துண்டால் மையைத் தள்ளுகிற பீசோ ஹெட் தேவை, எப்சன் ஹெட்டுகள் அந்த வகை. சந்தையில் கிடைக்கிற சின்ன ஏ4, ஏ3 யூவி பிரின்டர்களில் பல எப்சன் மெஷினை அடிப்படையாக வைத்துக் கட்டினவை.

விளக்கை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அலைநீளம். எல்ஈடி விளக்குகள் 365, 385, 395, 405 நானோமீற்றரில் வருகின்றன, இங்க்ஜெட்டில் அதிகம் 395. உங்கள் மைப் போத்தலில் எந்த அலைநீளம் போட்டிருக்கிறதோ விளக்கும் அதுவாக இருக்க வேண்டும். பழைய மேர்க்கூரி விளக்குக்கென்று செய்த மையை எல்ஈடிக்குக் கீழே வைத்தால் பிசுபிசுவென்றே கிடக்கும். மேர்க்கூரி விளக்கு சூடேற சில நிமிடம் எடுக்கும், பொருளையும் சூடாக்கும், மெல்லிய பிளாஸ்டிக் வளைந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர் எல்ஈடியே எடுங்கள். கிருமி கொல்ல விற்கிற 254 நானோமீற்றர் குழல் விளக்கைக் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கவே வேண்டாம், அது கண்ணையும் தோலையும் எரிக்கும். நகப்பூச்சு லைற்றில் அலைநீளம் ஓரளவு பொருந்தினாலும் வலு காணாது.

அந்த வலு என்ற சொல்லைக் கவனியுங்கள், பலர் சறுக்குவது இதில்தான். விளக்கு எவ்வளவு பலமாக எரிகிறது என்பது ஒன்று, மை மொத்தமாக எவ்வளவு ஒளி வாங்குகிறது என்பது இன்னொன்று. விளக்கு மைக்கு மேலால் ஓடுகிற வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மொத்தம் இரண்டு மடங்காகும், பலம் மாறாது. அடி இறுகி மேற்பரப்பு மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தால், காற்றில் உள்ள ஒட்சிசன் மேற்பரப்பில் அந்தச் சங்கிலியை அறுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு நேரத்தைக் கூட்டிப் பெரிய பலன் இல்லை, விளக்கின் பலத்தைக் கூட்ட வேண்டும் அல்லது விளக்கைக் கிட்டக் கொண்டுவர வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பிழை இன்னும் மோசம். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு அறைச் சாவிகளில் மாட்டுகிற துண்டுகள் செய்து கொடுத்தேன், 3 மில்லிமீற்றர் அக்ரிலிக், கறுப்புப் பின்னணியில் வெள்ளை இலக்கம். எடுத்த கையோடு மினுங்கியது, விரல் வைத்தேன், ஒட்டவில்லை, கொடுத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தன. கறுப்பு பாம்புச் சட்டை மாதிரி உரிந்திருந்தது, உரிந்த தோலைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் இன்னும் கொழகொழவென்று. கறுப்பு நிறமி ஒளியைத் தானே விழுங்கிவிடும், மேல் தோல் முதலில் இறுகும், அடிக்கு ஒன்றும் போய்ச் சேராது. வெள்ளை மையில் உள்ள டைட்டேனியம் டையொக்சைட்டும் ஒளியைத் தடுக்கும். இப்போது கறுப்பும் வெள்ளையும் அடிக்கும்போது மையின் அளவைக் குறைத்து, பாஸ் எண்ணிக்கையை, அதாவது ஹெட் ஒரே இடத்துக்கு மேலால் போகிற தடவையைக் கூட்டி, மெல்லிய படையாக இரண்டு தரம் அடிக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். பொருளை முதலில் ஐசோபுரோபைல் அல்ககோல் நனைத்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள். எங்கள் ஊரில் இதைத் தவிர்க்கவே கூடாது, கடலைப் பார்த்த கடை என்றால் ஒரு இரவில் எல்லாவற்றிலும் மெல்லிய உப்புப் படை ஏறிவிடும், கண்ணுக்குத் தெரியாது, மை மட்டும் பிடிக்காது. துடைத்து அல்ககோல் முழுவதும் பறந்த பிறகே அடுத்தது. கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் அதற்குரிய பிரைமர், அதாவது மை பிடிக்க அடியில் போடுகிற படை, பூசுங்கள். பொலிதீன், பொலிப்ரொப்பிலீன் சாமான்களில் பிரைமரோ சுவாலை பிடித்தலோ (பரப்பின் மேல் நெருப்புச் சுவாலையை வேகமாக ஓட்டுவது) இல்லாமல் மை நிற்பது கஷ்டம்.

ஹெட்டுக்கும் பொருளுக்கும் இடைவெளி 2 முதல் 3 மில்லிமீற்றர் போதும். இடைவெளி கூடினால் படம் மங்கும், அதோடு ஒளி பக்கவாட்டில் சிதறி ஹெட்டின் அடியில் படும். அங்கே பட்டால் துவாரத்துக்குள்ளேயே மை இறுகும், பிறகு எந்தத் திரவம் ஊற்றியும் திறக்காது. கண்ணாடி போலப் பளபளக்கும் அக்ரிலிக், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடிக்கும்போது விளக்கின் பலத்தைக் கொஞ்சம் குறைத்து, இரண்டு விளக்குள்ள மெஷினில் ஒன்றை அணைத்துவிடுங்கள். அப்புறம் மெஷினை வாசலுக்கு நேரே வைக்காதீர்கள். என் கடை கிழக்குப் பார்த்தது, காலை 8 மணி வெயில் நேராக மேசையில் விழும், அதற்காகவே மெஷினை உள்ளே தள்ளி ஒரு தடித்த திரையும் போட்டேன். நடுவில் கரண்ட் போனால் ஹெட்டை மெதுவாகக் கையால் தள்ளி அதன் மூடிக்கு மேலே நிறுத்திவிட்டு மெஷினைப் போர்த்துங்கள். யூபிஎஸ் ஒன்று இருந்தால் இந்த ஓட்டமே இல்லை.

சோதனை ஒரு துண்டில் கட்டாயம் செய்யுங்கள், எடுத்த உடனே அல்ல, 24 மணித்தியாலம் கழித்து, ஏனென்றால் விளக்கை விட்டு வந்த பிறகும் பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். முதலில் பெருவிரல் நகத்தால் அழுத்திச் சுரண்டுங்கள். பிறகு கூரான பிளேட்டால் 1 மில்லிமீற்றர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறி, நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுவையில் உரியுங்கள். சின்னச் சதுரங்கள் டேப்போடு வந்தால் பிரைமரிலோ துடைத்ததிலோ பிழை. கடைசியாகப் பஞ்சில் அல்ககோல் தொட்டு இருபது தரம் தேயுங்கள், பஞ்சில் நிறம் ஏறினால் மை இன்னும் முழுவதும் இறுகவில்லை. இந்த மூன்றும் தாண்டாமல் எதையும் வாடிக்கையாளர் கையில் கொடுப்பதில்லை.

ஓட்டோ, மோட்டார் சைக்கிள் ஸ்டிக்கருக்கு மென் மை என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். வன் மையை வளைவில் இழுத்து ஒட்டினால் வெடித்துவிடும். தேவைக்கு மேல் ஒளி கொடுத்தாலும் அதே மாதிரி நொறுங்கும்.

உங்கள் உடம்பு விசயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இறுகாத யூவி மை தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், ஒரு தரம் வந்தால் பிறகு சின்னத் துளி பட்டாலே திரும்ப வரும். நைட்ரைல் கையுறை போடுங்கள், பட்டுவிட்டால் தின்னர் போட்டுத் தேய்க்காமல் சவர்க்காரமும் தண்ணீரும் வைத்துக் கழுவுங்கள். யூவி தடுக்கும் கண்ணாடி இல்லாமல் விளக்கை நிமிர்ந்து பார்க்காதீர்கள், கடைக்கு வருகிற பிள்ளைகளையும் கிட்ட விடாதீர்கள். கோப்பையின் வெளிப்பக்கத்தில் அடித்தாலும் வாய் படுகிற விளிம்பை விட்டே அடியுங்கள், சாப்பாடு நேரே படும் எதிலும் வேண்டாம். 2005 இல் இத்தாலியில் குழந்தைப் பாலில் ஐடிஎக்ஸ் என்ற போட்டோ இனிஷியேட்டர் கண்டுபிடிக்கப்பட்டுப் பெட்டி பெட்டியாகத் திருப்பி எடுத்தார்கள், அது வந்த வழி பெட்டியின் வெளியே அடித்திருந்த யூவி மை.

கழிவு மையைக் கானில் ஊற்ற வேண்டாம், இங்கே ஊற்றுவது கடைசியில் கடலுக்குத்தான் போகும். பழைய தட்டில் மெல்லிய படையாகப் பரப்பி, மழையில்லாத நாளில், பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். விளக்கோடு ஒப்பிட்டால் வெயிலில் யூவி மிகவும் குறைவு, அதனால் பிரின்டுக்கு அது உதவாது, கழிவுக்குப் போதும். குச்சியால் குத்திப் பார்த்து அடிவரைக்கும் இறுகின பிறகு பெயர்த்துக் குப்பையில் போடுங்கள்.