கடலோர மணலில் சம்பங்கி: கிழங்கு வாங்கும் முன் தண்ணீரை அளந்துவிடுங்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் வேதாளையில் எங்கள் வீட்டுக்குத் தெற்கே முக்கால் சென்ட் இடம் சும்மா கிடந்தது. காலை ஏழு மணிக்கு விழும் வெயில் மாலை வரை நகராது. கடல் அங்கிருந்து ஐந்து நிமிட நடை. இடுப்பு உயரத்துக்குத் தண்டு விட்டு, அந்தத் தண்டு முழுக்கப் பூக்கிற செடியாக அங்கே வேண்டும் என்று எனக்கு ஆசை. வீடியோக்களைப் பார்த்து மயங்கி டெல்பினியம், பாக்ஸ்குளோவ் விதைகளைத் தபாலில் வரவழைத்தேன். டெல்பினியம் முளைக்கவே இல்லை. பாக்ஸ்குளோவ் முளைத்து நாலு இலை விட்டது, பங்குனி வெயிலில் சுருண்டது. இரண்டுமே குளிர் பிரதேசத்துச் செடிகள். நம் கரையில் மார்கழி இரவிலேயே மின்விசிறி ஓடுகிறது. விதை விற்றவர் மேல் குற்றமில்லை, வாங்கியவன் மேல்தான்.

அப்புறம்தான் புத்தி வந்து சம்பங்கிக்கு மாறினேன். நிலச்சம்பங்கி என்றும் சொல்வார்கள், மாலை கட்டுகிறவர்களுக்குத் தினம் கையில் புழங்கும் பூ. பூர்வீகம் மெக்சிகோ. ஆனைக்கற்றாழைக்கு நெருங்கிய சொந்தம் என்று தாவரவியல்காரர்கள் இப்போது அதே பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். வெயில் அதற்குப் பிரச்சினையே இல்லை. ஒரு தண்டு இரண்டரை, மூன்று அடி எழும்பும். கீழிருந்து மேலாக, நாளுக்கு இரண்டு மூன்று மொட்டாக விரிந்துகொண்டே போகும். ஒரு முறை நட்டால் இரண்டு மூன்று வருடம் தோண்ட வேண்டாம்.

நான் இப்போது செய்கிற முறையைச் சொல்கிறேன். முதல் வருடம் செய்ததை அப்படியே செய்தால் உங்களுக்கும் வைக்கோல்தான் மிஞ்சும்.

1. தண்ணீர்

எல்லோரும் மண்ணில் ஆரம்பிப்பார்கள். நம் கரையில் தண்ணீரில் ஆரம்பிக்க வேண்டும்.

முதல் வருடம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குழாய் போட்டு விட்டேன். அறுபது அடி ஆழம். குளிக்கிறோம், துணி துவைக்கிறோம், செடிக்கு ஆகாதா என்ற நினைப்பு. ஒரு மாதத்தில் இலை நுனிகள் காய்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் அதிகமாக விட்டேன். நுனியில் இருந்த காய்ச்சல் ஓரங்களில் இறங்கி, இலையே பழுப்பாகிப் போனது. ஒரு நாள் காலையில் பாத்தி மேல் மெல்லிய வெள்ளைப் படலம் தெரிந்தது. கிள்ளி நாக்கில் வைத்தேன். சுத்தமான உப்பு.

அடுத்த வீட்டு அப்பத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, “ஏய்யா, இந்தத் தண்ணிய ஊத்துனா கத்தாழகூடப் பொழைக்காதே. ஊத்துத் தண்ணி என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார்.

ஊற்று என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மணலில் எட்டு, பத்து அடி தோண்டி உறை இறக்கி வைத்திருப்பது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் எப்படி நல்ல தண்ணீர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை மணலில் நேராக இறங்குகிறது. அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் எடை குறைவு என்பதால் அதன் மேல் ஆடை போல மிதந்து நிற்கிறது. பத்தடியில் கை வைத்தால் அந்த ஆடை, அறுபதடியில் குழாய் இறக்கினால் அதற்குக் கீழே உள்ள உப்பு. ஆழம் போகப் போக நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பது மேட்டுப் பூமிக் கணக்கு.

சரி என்று டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கினேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி. பேனா அளவில் இருக்கும், இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். ஆழ்துளைத் தண்ணீர் 3,100 காட்டியது. எங்கள் ஊற்று 480. இதற்குப் பிறகு என்ன சந்தேகம்?

ஆனால் என் முட்டாள்தனம் அதோடு முடியவில்லை. குடத்தில் அள்ளிக் கை வலிக்கிறது என்று ஊற்றில் அரைக் குதிரைத்திறன் மோட்டாரை இறக்கினேன். முதல் வாரம் 500. இரண்டாம் வாரம் 900. மூன்றாம் வாரம் 1,400. மேல் தண்ணீரை வேகமாக இழுத்தால் அடியில் இருக்கும் உப்பு கூம்பு மாதிரி மேலே ஏறி வந்துவிடும். மோட்டாரைக் கழற்றி இருபது நாள் போட்டு வைத்த பிறகுதான் மீட்டர் 600க்கு இறங்கியது. அப்பத்தா சிரிக்கவில்லை. “ஊத்து அள்ளத்தான் குடுக்கும், உறிஞ்சக் குடுக்காது” என்று மட்டும் சொன்னார்.

ஆக, உங்கள் தண்ணீரை அளந்து பாருங்கள். என் பாத்தியில் 800க்குள் இருந்தவரை இலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயிரத்தைத் தாண்டியதும் நுனி கருகத் தொடங்கியது. உங்கள் மண்ணுக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். காலையில் பாதி, சாயங்காலம் பாதி என்று குடத்தில் அள்ளுங்கள். மோட்டார்தான் வேண்டும் என்றால் ஒரு நேரத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

தினமும் பூவாளியால் தெளிப்பது தப்பு. மேல் மணல் மட்டும் நனைந்து காய்ந்து, தண்ணீரில் இருக்கிற கொஞ்ச உப்பையும் அங்கேயே விட்டுவிட்டுப் போகும். பன்னிரண்டுக்கு நாலடிப் பாத்திக்கு நான் இரண்டு நாளுக்கு ஒரு முறை நாலு குடம் ஊற்றுகிறேன், இலையில் படாமல் தூரில் மட்டும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை எட்டுக் குடம். சேர்ந்த உப்பை அது கீழே தள்ளிவிடும்.

2. பாத்தி

வெறும் மணலில் தண்ணீர் நிற்காது. பாத்திக்கு நாலு கூடை மக்கிய ஆட்டு எரு, இரண்டு கூடை தென்னை நார்க்கழிவு, இரண்டு கிலோ வேப்பம்புண்ணாக்கு போட்டு ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்திக் கலந்தேன். வேப்பம்புண்ணாக்கை விட்டுவிடாதீர்கள். மணல் நிலத்தில் நூற்புழு அதிகம், சம்பங்கி வேர் என்றால் அதற்கு விருந்து. வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அதுதான். பாத்தி ஓரம் செண்டுமல்லி நட்டால் அதுவும் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும். பாத்தி தரையைவிட அரையடி உயரமாக இருக்கட்டும், ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

கரையில் ஒதுங்கும் கடல்தாழையை அள்ளி வந்து மூடாக்குப் போடலாமா என்று ஆசை வரும். போடலாம், ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்கக் குவித்து நனையவிட்டு, உப்புப் போன பிறகுதான். பாத்திக்கு வரப்பு கட்டப் பவளப்பாறைத் துண்டு எடுக்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தவிர அது முழுக்கச் சுண்ணாம்பு, ஏற்கெனவே காரமாக இருக்கும் மணல் இன்னும் காரமாகும். நான் பனங்கொட்டைகளைக் கவிழ்த்து அடுக்கியிருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது.

3. கிழங்கு

ஒற்றை அடுக்கு வாங்குங்கள். இரட்டை அடுக்குப் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், வாசனை குறைவு, சில சமயம் மொட்டு முழுசாக விரியாமலே காய்ந்துவிடும். ஒற்றையில் பிரஜ்வல் என் கட்சி. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகம். மொட்டாக இருக்கும்போது மேல் நுனியில் லேசான ரோஜா நிறம் ஓடியிருக்கும், விரிந்ததும் வெள்ளை. காலை ஆறரைக்குப் போய்ப் பார்த்தால் ஒரே தண்டில் கீழே வெள்ளை, நடுவில் பாதி திறந்தது, உச்சியில் ரோஜா நுனி என்று மூன்றும் தெரியும். மெனக்கெட்டதற்கு அது போதும்.

நான் நிலக்கோட்டைப் பக்கமிருந்து ஒன்றரைக் கிலோ வாங்கினேன். கிழங்கு ஒன்று 25 முதல் 30 கிராம் வேண்டும், அந்தக் கணக்கில் ஐம்பது தேறும். தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். தோண்டி ஒரு மாதமாவது நிழலில் ஆறிய கிழங்காகக் கேளுங்கள். பச்சையாகத் தோண்டியதை நட்டால் முளைக்கத் தாமதமாகும்.

4. நடவு

மற்ற இடங்களில் ஆனி, ஆடியிலேயே நடுவார்கள். மன்னார் வளைகுடா ஓரத்தில் அந்த இரண்டு மாதமும் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும். நான் ஆடி முடிந்து ஆவணி முதல் வாரம் நடுகிறேன். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும், மார்கழியில் முதல் தண்டு பார்க்கலாம். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு சாண். கிழங்கின் நுனி மண்ணுக்குள் சற்று மறைந்தால் போதும்.

5. காற்று

தெற்கே கிடுகு அடைத்து ஆறடிக்கு மறைப்புக் கட்டினேன், இண்டு இடுக்கு இல்லாமல். பக்கத்து வரிசைத் தண்டுகள் எல்லாம் சாய்ந்தன, அதுவும் காற்று வரும் பக்கத்தைப் பார்த்து. முழுசாக அடைத்த தட்டியில் காற்று ஏறிக் குதித்துச் சுழன்று பின்னால் அடிக்கிறது. கிடுகை ஒன்று விட்டு ஒன்று உருவிவிட்டேன். வெளிச்சம் தெரிகிற அளவு இடைவெளி. காற்று சல்லடையில் வடிந்த மாதிரி வருகிறது, தண்டு ஆடுகிறது, ஆனால் விழவில்லை.

தண்டு ஒரு அடி வந்ததும் குச்சி நட்டுப் பனை நாரால் எட்டு வடிவில் கட்டுங்கள். பிளாஸ்டிக் கயிறு தண்டை அறுத்துவிடும். குச்சி காய்ந்ததாக இருக்கட்டும். நான் அவசரத்துக்குப் பூவரசங்கிளையை வெட்டி நட்டேன், சம்பங்கிக்கு முன்னால் அது துளிர்விட்டது. இப்போது பாத்தி மூலையில் என் தோள் உயரத்துக்கு நிற்கிறது, பிடுங்க மனம் வரவில்லை.

கச்சான் பலமாக அடித்த அன்று சாயங்காலம் நல்ல தண்ணீரால் இலைகளை ஒரு முறை கழுவிவிடுங்கள். கடல் தூவானத்தின் உப்பு மறுநாள் வெயிலில் இலையைப் பொசுக்கும். இலையில் தண்ணீர் படக்கூடாது என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

6. கூட எதை நடலாம்

சம்பங்கி வெள்ளை மட்டும்தான். நீலத்துக்குச் சீமை நாயுருவி. வேலியோரம் தானாக வளர்வதுதான், கேலியாகப் பார்க்காதீர்கள், வண்ணத்துப்பூச்சி மொய்க்கும். விதை விழுந்து பரவும், பூத்த கதிரை உடனே வெட்டுங்கள். மஞ்சளுக்குச் சோற்றுக்கற்றாழை, முதிர்ந்த செடி இரண்டடிக்கு மேல் கதிர் விடும், உப்பைப் பற்றிக் கவலைப்படாது. ஊதாவுக்கு நர்சரிகளில் கிடைக்கும் ஆஞ்சலோனியா. கல்வாழையை நான் எடுத்துவிட்டேன், ஊற்றுத் தண்ணீரை அது ஒன்றே குடித்துத் தீர்த்துவிடும்.

இதைப் படித்தவர்கள் கேட்டதற்குப் பிறகு சேர்த்தது

தொண்டியிலிருந்து ஒரு அக்கா, தெற்கே மறைப்புக் கட்டியும் பலனில்லை என்று எழுதியிருந்தார். நான்தான் தெளிவாகச் சொல்லவில்லை. அவர் இருப்பது பாக் விரிகுடாக் கரை. அங்கே தொல்லை ஐப்பசிக்கு மேல், கொண்டலும் வாடையும். மறைப்புக் கிழக்கிலும் வடக்கிலும் வர வேண்டும்.

ஊற்றே இல்லாதவர்கள் என்ன செய்வது என்று இரண்டு மூன்று பேர். மாடி மழைத் தண்ணீரைப் பிடியுங்கள். 500 சதுர அடி மாடியில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 4,600 லிட்டர். கார்த்திகையில் தொட்டி நிரப்பினால் மாசி வரை என் பாத்திக்குத் தாராளமாகப் போதும்.

இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது என்று ஒருவர் படம் அனுப்பினார். அது உப்பு இல்லை, இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மணலில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), அரை எலுமிச்சைச் சாறு, சாயங்காலம் இலையில் தெளித்தால் பத்து நாளில் தெளியும். ஜிப்சம் போடலாமா என்றும் கேட்டார். களிமண் நிலத்துக்கு அது சரி, நம் மணலுக்கு நல்ல தண்ணீரை நிறைய விட்டாலே உப்பு இறங்கிவிடும்.

பூத்த கிழங்கு திரும்பப் பூக்கவில்லை என்று ஒரு புகார். பூக்காது. ஒரு கிழங்கு ஒரு தண்டோடு சரி, பக்கத்தில் விட்ட குட்டிக் கிழங்குகள்தான் அடுத்து பூக்கும். மூன்றாம் வருடம் நெரிசலாகிவிடும். சித்திரையில் தண்ணீரை நிறுத்தி, இலை காய்ந்ததும் தோண்டி, பெரியதைத் தனியாக எடுத்து நிழலில் ஆறவிடுங்கள். எனக்கு இந்த முறை இரண்டு சாக்கு வந்தது. அப்பத்தா ஒரு சட்டி நிறைய வாங்கிப்போய் அவர் வீட்டு ஊற்றைச் சுற்றி நட்டிருக்கிறார், ஒரு சாண் இடைவெளிகூட விடாமல்.